மலையில் ‘வேண்டாம்’ என்று சொல்பவர்

கல்லணையில் தொடங்கிப் பூம்புகார்க் கடற்கரை வரை நிலம் மொத்தத்தில் அறுபது மீட்டர் அளவுக்குத்தான் தாழ்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் தூரத்தில் அவ்வளவுதான் சரிவு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பிறந்து வளர்ந்தவர் தன் ஊர் எல்லைக்குள் ஏறி இறங்கக்கூடிய உயரம் ஆற்றுக்கரையும் ரயில்வே மேம்பாலமும்தான். மலை வேண்டும் என்று தோன்றியபோது இந்த நாட்டார் அதைக் கட்டிக்கொண்டார்கள். சுவாமிமலை ஒரு கட்டுமலை. அறுபது படி ஏறினால் சந்நிதி. ராஜராஜன் எழுப்பிய விமானத்துக்குத் தட்சிணமேரு என்று பெயர். இந்தச் சமவெளியிலிருந்து இப்போது பலர் பணம் கட்டிக் குழுவில் சேர்ந்து, வழிகாட்டியின் பின்னால் மூன்று நாள், ஐந்து நாள் என்று மலைத்தொடர்களைக் கடந்து நடக்கிறார்கள். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் படித்துவிட்டுப் பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் உண்டு, ஊரிலேயே கடை, வயல் என்று இருப்பவர்களும் உண்டு. ட்ரெக்கிங் என்று இதற்குப் பெயர் வந்ததால் நேற்று இறக்குமதியான பொழுதுபோக்கு என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. வழிகாட்டியோடு பல நாள் மலை கடப்பது தமிழருக்குப் பழைய வழக்கம். பழைய வழக்கத்தையும் புதிய ஏற்பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இந்த நடையில் உயிரைக் காப்பது காலணியோ, உடல் வலுவோ, பாதையின் தரமோ அல்ல. ‘வேண்டாம், திரும்புங்கள்’ என்று சொல்ல வழிகாட்டிக்கு இருக்கும் அதிகாரமே காக்கிறது. அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் யாருக்கு நஷ்டம் என்று கேட்காமல் எந்தக் குழுவிலும் சேரக் கூடாது.

வழிகாட்டி இல்லாமல் போனவரின் கதையும் டெல்டாவில்தான் முடிகிறது. கயிலையைக் காணக் கிளம்பிய அப்பர், காசியில் உடன் வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியாக வடக்கே நடந்தார் என்கிறது பெரியபுராணம். கால் தேய்ந்து, கையால் ஊர்ந்து, மார்பால் தவழ்ந்து, உடம்பு முழுவதும் ஓய்ந்த நிலையில் ஒரு முனிவர் எதிரே வந்து, இந்த உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிப் போ என்கிறார். அப்பர் மறுக்கிறார். கடைசியில் அங்கிருந்த குளத்தில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். கயிலைக் காட்சி அங்கேயே கிடைக்கிறது. ஆடி அமாவாசையன்று ஐயாறப்பர் கோயிலில் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கதையின் அமைப்பை மட்டும் பார்த்தால், மலையில் ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டியவர் உடம்பு ஓய்ந்த பிறகுதான் வந்து சேர்கிறார் என்பது தெரியும். இதே பயணத்தை இந்திய அரசு 1981 முதல் நடத்தத் தொடங்கியபோது அந்தச் சோதனையை முன்னுக்குக் கொண்டுவந்தது. கைலாஷ்–மானசரோவர் யாத்திரைக்குத் தேர்வானவர்கள் தில்லியில் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். மலைக்குள் சில நாள் போன பிறகு, குஞ்சியில் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படையின் மருத்துவர்கள் மறுபடி பார்ப்பார்கள். அதில் தேறாதவர், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும், அங்கிருந்தே திரும்ப வேண்டும். லிபுலேக் கணவாய் ஐயாயிரம் மீட்டருக்கு மேல். கடல் மட்டத்தில் வாழ்ந்த உடம்புக்கு அங்கே மூச்சே கேள்விக்குறி. இமயத்தைக் கடக்கும் நடைகளில் நம்மவருக்குக் கிடைத்த சிறந்த ஏற்பாடு இது. காரணம், ‘வேண்டாம்’ என்று சொல்லும் மருத்துவருக்கு அப்படிச் சொல்வதால் ஒரு பைசா நஷ்டமில்லை.

இன்னும் பின்னே போனால் பத்துப்பாட்டில் மலைபடுகடாம் இருக்கிறது. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் குழுவுக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு அது. புகழ்ச்சிப் பாட்டு என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் பெரும்பகுதி மலைநடைக் குறிப்பு. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, தினைப்புனம் காப்பவர்கள் கவணில் எறியும் கல் எந்தப் பக்கமிருந்து வரும், வழுக்கும் பாறையில் எதைப் பிடித்துக்கொள்வது, பாம்பு உறையும் குழி எது, இருட்டினால் எங்கே தங்குவது என்று அடுத்தடுத்து வருகிறது. சொல்பவன் இப்போதுதான் அந்த வழியில் நடந்துவிட்டு வந்தவன். கேட்பவர்கள் பெண்களும் இசைக்கருவிச் சுமையும் கொண்ட குழு. அவர்கள் போனாலும் போகாவிட்டாலும் சொல்பவனுக்கு லாபநஷ்டம் கிடையாது. ஆகவே ஆபத்தை மறைக்க அவனுக்குக் காரணம் இல்லை. இன்றைய ட்ரெக்கிங் விளம்பரங்களோடு இதை ஒப்பிடுகிறவர்கள், ஆபத்தை விவரிக்கும் பத்தி விளம்பரத்தில் எங்கே இருக்கிறது, எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்று ஒரு முறை தேடிப் பார்க்கலாம்.

டெல்டா மக்கள் உண்மையிலேயே பெருங்கூட்டமாகச் செய்துவரும் மலைநடை சபரிமலை. அதிலும் எருமேலியிலிருந்து பம்பை வரை காட்டுக்குள் போகும் பெரிய பாதை. பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதை, கல்லிடும் குன்று, முக்குழி, கரிமலை, பெரியானவட்டம், சிறியானவட்டம் என்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்த வழி பெரியார் புலிகள் காப்பகத்தின் யானைக்காட்டை ஊடறுத்துப் போகிறது. இன்று பெரும்பாலோர் வேனில் பம்பை வரை போய்ச் சின்னப் பாதையில் ஏறிவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் பெரிய பாதையை விடாத குழுக்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அந்தக் குழுவை நடத்துபவர் குருசாமி. பெரும்பாலும் பதினெட்டு முறைக்கு மேல் மலைக்குப் போனவர். வெளியே பார்த்தால் ஊரில் மளிகைக்கடைக்காரர், ஆசிரியர், மின்வாரிய ஊழியர். அவருக்குச் சம்பளம் இல்லை. இருமுடி கட்டும்போது வைக்கும் தட்சிணைதான். கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட நாளிலிருந்து நாற்பத்தொரு நாளும் குழுவினர் அவர் பார்வையில் இருக்க வேண்டும். விடியலில் குளிர்ந்த நீரில் குளியல், செருப்பில்லாத நடை, தரையில் படுக்கை, குடி கிடையாது, மாலையில் பஜனை. விரதத்தின் நோக்கம் உடற்பயிற்சி அல்ல. ஆனால் ஒன்றரை மாதத்தில் பாதம் கெட்டிப்படுகிறது, குடிப்பவரின் உடம்பு தெளிகிறது. இதைவிட முக்கியமாக, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூட்டு வலி, யார் சொன்னால் கேட்க மாட்டார் என்பது குருசாமிக்குத் தெரிந்துவிடுகிறது. கிளம்புமுன் ஒரு நாள், பஜனை முடிந்து பிரசாதம் வாங்கும்போது, ‘உங்களுக்கு இந்த வருஷம் சின்னப் பாதை போதும் சாமி’ என்று மெதுவாகச் சொல்லிவிடுவார். கேட்டவருக்கு வருத்தம் இருக்கும். எதிர்த்துப் பேசுவது அபூர்வம்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது. எதிரே இருப்பவரின் உடம்பு தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் கேட்கும்படியான மரியாதை இருக்க வேண்டும். சொல்வதால் வருமானம் குறையக் கூடாது. குருசாமிக்கு மூன்றும் இருக்கின்றன. அவருக்கு இல்லாதது காட்டைப் பற்றிய ஆழ்ந்த அறிவு. வருடத்துக்கு ஒரு முறை, ஒரே தடத்தில், கூட்டத்தோடு போகிறவருக்கு அந்தத் தடம் தெரியும்; தடம் மாறினால் அவரும் சமவெளிக்காரர்தான். பழைய முறையை முழுதாகத் தூக்கிப் பிடிக்க முடியாததற்கு இது ஒரு காரணம். மற்றவற்றைப் பின்னால் பார்க்கலாம்.

இப்போது குரங்கணிக்கு வருவோம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி மலையில், முந்தின நாள் ஏறிக் கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டு இரண்டு குழுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று சென்னையிலிருந்து வந்தது, பெரும்பாலும் பெண்கள்; இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தினர். காய்ந்த புல் சரிவில் காட்டுத்தீ சூழ்ந்தது. ஓடியவர்கள் பள்ளத்தில் விழுந்தார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் மாண்டார்கள். அவர்கள் பெற்ற அனுமதி வேறு பாதைக்கானது என்று அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். அரசு விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. அனுமதி, கட்டணம், பாதை வகைப்பாடு எல்லாம் அவற்றில் இருந்தன. ஆனால் விபத்துக்குப் பிறகு நடந்த பேச்சு பெரும்பாலும் அனுமதிச் சீட்டைச் சுற்றியே இருந்தது. சீட்டு சரியாக இருந்தாலும் தீ வந்திருக்கும். கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. மார்ச் மாதத்தில், அந்தப் புல்வெளிக்கு, அந்த நாளில் போக வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் அந்த ஏற்பாட்டில் யார்? குழுவை அமைத்தவர்கள் மலை ஆர்வலர்கள். அந்த மலையில் வாழ்பவர்கள் அல்ல. மலையில் வாழ்பவர்களுக்குக் குழுவில் அதிகாரம் இல்லை. தீ பரவும்போது சரிவில் மேல் நோக்கி ஓடுகிறவரைவிடத் தீ வேகமாக ஏறும் என்பதும், ஏற்கெனவே எரிந்து கறுத்த தரையே புகலிடம் என்பதும் காட்டில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த சாதாரண விஷயங்கள். அவை சொல்லப்பட வேண்டிய இடம் முந்தின நாள் அடிவாரம்.

இதில் டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல் இருப்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. காவிரிப் பாசன நாட்டில் ஓய்வு எப்போது கிடைக்கிறது? ஜூனில் மேட்டூர் திறந்தால் குறுவை. அதை அறுத்த கையோடு தாளடி. இன்னொரு பக்கம் சம்பா. தை பிறந்ததும் அறுவடை, பிறகு கொள்முதல் நிலைய வாசலில் காத்திருப்பு. சம்பா வயலில் அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்தும் பயறும் பனியிலேயே விளையும். அதற்கு அதிக வேலை இல்லை. ஆக, மாசியும் பங்குனியும்தான் டெல்டாக்காரர் கையில் கொஞ்சம் காசும் கொஞ்சம் நேரமும் சேர்ந்து இருக்கும் மாதங்கள். சரியாக அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் தீக்காலம். தமிழ்நாட்டு வனத்துறை பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றப் பாதைகளை மூடுவது இதனால்தான். அடுத்து ஓய்வு கிடைக்கும் வைகாசி கழிந்தால் தென்மேற்குப் பருவமழை. அட்டையும் வழுக்கலும் காட்டாறும். மலைநடைக்கு நல்ல காலமான மார்கழி, தை முற்பகுதியில் சம்பா வயலில் நிற்கிறது. சபரிமலைக் காலம் இந்தக் கணக்கில் அழகாகப் பொருந்தியிருப்பதைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் களை எடுத்து உரம் வைத்து முடிந்திருக்கும், அறுப்புக்கு நாள் இருக்கும். மழை கூடினால் வடிகால் பார்க்க வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். புதிய மலைநடைகளுக்கு அப்படி ஒரு பொருத்தம் இல்லை. எனவே டெல்டாவிலிருந்து கிளம்புகிறவர் தவறான பருவத்தில் கிளம்ப அதிக வாய்ப்பு உள்ளவர். அவரிடம் ‘வேண்டாம்’ சொல்ல ஆள் இருக்க வேண்டிய தேவையும் அவ்வளவுக்கு அதிகம்.

2024 அக்டோபர் 24 அன்று தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் பதிவு, ஒவ்வொரு பாதைக்கும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். இந்த 14 மாவட்டங்களில் டெல்டா மாவட்டம் எதுவும் இல்லை. இருக்கவும் முடியாது. கட்டணம் அதிகம் என்று எதிர்ப்பு எழுந்ததும் கால் பங்கு குறைத்தார்கள். குறை சொல்பவர்கள் கட்டணத்தோடு நின்றுவிட்டார்கள். திட்டத்தின் மிகப் பெரிய நன்மையைப் பேசவில்லை. வழிகாட்டிகளாக எடுக்கப்பட்டவர்கள் பழங்குடி, வனக் கிராம இளைஞர்கள். வசூலில் பெரும்பகுதி அவர்களுக்கே போகிறது. குருசாமியிடம் இல்லாத காட்டறிவு இவர்களிடம் இருக்கிறது. பளியர், முதுவர், காடர், இருளர், காணி மக்களுக்குத் தெரிந்ததில் ஒரு துளியைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1987 டிசம்பரில் அகத்தியமலைக் காட்டுக்குள் தாவர ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் களைத்து விழுந்தபோது, கூட வந்த காணி வழிகாட்டிகள் சோர்வே இல்லாமல் நடந்தார்கள். அவ்வப்போது கறுப்பான ஒரு சிறு காயை மென்றுகொண்டிருந்தார்கள். கேட்டதும் சொல்லவில்லை, அது தங்கள் மக்களின் ரகசியம் என்றார்கள். வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரம் அருகிலுள்ள பாலோடு தாவரவியல் தோட்டம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசி உரிமம் பெற்றது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. பழங்குடி அறிவுக்கு விலை கொடுத்த முதல் உடன்பாடுகளில் ஒன்றாக உலகமெங்கும் இதைப் பேசுகிறார்கள். அதற்கெல்லாம் தொடக்கம் ஒரு மலைநடை. வழிகாட்டி வாயில் மென்றது என்ன என்று ஒருவர் கவனித்தது.

ஆனால் அறிவு இருப்பதும் அதிகாரம் இருப்பதும் ஒன்றல்ல. இருபது வயதுப் பளியர் இளைஞர் ஒருவர் காக்கிச் சீருடையில் முன்னால் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வருபவர்கள் வங்கி அதிகாரி, மென்பொருள் ஊழியர், வழக்கறிஞர். மதியம் மேகம் கூடுகிறது, அல்லது காற்றில் யானை வாடை வருகிறது. ‘இத்தோடு திரும்பலாம் சார்’ என்று அவர் சொன்னால் கேட்பார்களா? ‘இன்னும் அரை மணி நேரம்தானே, போய்த் தொட்டுவிட்டு வந்துவிடலாம்’ என்ற பதில் எல்லா மலையிலும் வரும். சாதியும் வர்க்கமும் மேலிருந்து கீழாகப் பேசிப் பழகிய நாட்டில், கீழே வைக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளை மேலே இருப்பவர்களுக்கு உத்தரவு போடுவது சீருடையால் மட்டும் நடந்துவிடாது. பணம் கட்டியவர் முதலாளி என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. ஒருநாள் நடையில் இதைச் சமாளித்துவிடலாம். பல நாள் நடையில், திரும்பும் வழியே ஒன்றரை நாள் தூரம் என்னும்போது, அந்தத் தயக்கம் உயிருக்கு விலையாகிவிடும். வழிகாட்டி திரும்பச் சொன்னால் மறுபேச்சின்றித் திரும்ப வேண்டும், அப்படித் திரும்பினாலும் அவருக்கு முழுக் கூலி உண்டு, கட்டியவருக்கு ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்று சீட்டிலேயே அச்சிட வேண்டும். செலவு பெரிதல்ல. குருசாமிக்கு மரபு கொடுத்ததை இவருக்கு எழுத்தில் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்தது உடம்பு. டெல்டா மக்களுக்கு நடை புதிதல்ல. தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கும், சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து சமயபுரத்துக்கும் பாதயாத்திரை போகும் கூட்டத்தைச் சாலையில் பார்க்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் நாகப்பட்டினம் சாலை முழுக்கக் காவி உடைதான். அதனால் மலையும் நடந்துவிடலாம் என்ற நம்பிக்கை வருவது இயல்பு. தசைக்கு அது வேறு வேலை. சமதரையில் தொடையின் முன்தசை சுருங்கி வேலை செய்கிறது. மலை இறங்கும்போது அது உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. அந்த நீட்சியில் ஏற்படும் நுண்காயம் உடனே வலிப்பதில்லை. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போகும். ஒருநாள் நடையில் அது வீட்டுக்கு வந்த பிறகு படியிறங்கும்போது தெரியும்; பல நாள் நடையில் இரண்டாம் நாள் காலை, இன்னும் இரண்டு மலை பாக்கி இருக்கும்போது தெரியும். கால் நடுங்கிச் சறுக்குவது அப்போதுதான். இதற்கு மருந்து எளிது. ஓரிரு வாரம் முன்பே இறக்கத்தில் நடந்து பழகினால் தசை பெரும்பாலும் காயப்படுவதில்லை. தஞ்சாவூர்க்காரருக்குப் பக்கத்தில் திருச்சி மலைக்கோட்டை இருக்கிறது, நானூறுக்கு மேற்பட்ட படிகள். அங்கே போய் ஏறுவதைவிட இறங்குவதுதான் பயிற்சி என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். பச்சைமலைக்கு ஒரு நாள் அழைத்துப்போய்ப் பார்க்கலாம். இன்றைய ஏற்பாட்டில் வழிகாட்டியும் நடப்பவரும் முதன்முதலாகச் சந்திப்பது மலையடிவாரத்தில், காலை ஆறு மணிக்கு. கையில் ஒரு மருத்துவச் சான்றிதழ் இருந்தாலும் அது அந்த உடம்பை அறிந்ததாகாது. வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரை ஏழு மலை ஏறுகிறவர்களுக்கு வழிகாட்டியும் கிடையாது, முன்சந்திப்பும் கிடையாது. 2024 பருவத்தில் மூச்சுத்திணறியும் மாரடைப்பிலும் பலர் அங்கே இறந்தார்கள். இதயம், நுரையீரல் நோயாளிகள் ஏற வேண்டாம் என்று வனத்துறை வேண்டுகோள் விட வேண்டியதாயிற்று. பலகையில் எழுதிய ‘வேண்டாம்’ யாரையும் நிறுத்துவதில்லை.

பல நாள் நடை ஒழுங்காக நடக்க முடியுமா என்றால், முடியும் என்பதற்கு அகத்தியர்கூடம் சாட்சி. பொதிகையின் உச்சி, 1,868 மீட்டர். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து அல்லாமல், கேரள வனத்துறை போனக்காட்டிலிருந்து ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டிய சில வாரங்களுக்கு நடத்துகிறது. முதல் நாள் அதிருமலை முகாம், இரண்டாம் நாள் உச்சி, மூன்றாம் நாள் இறக்கம். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. காணி மக்களிலிருந்தே வழிகாட்டிகள். பெண்களை நீண்ட காலம் மேலே விடவில்லை. 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் அதை ஏற்க முடியாது என்றது, 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள். மலை இடிந்துவிடவில்லை. வேதாரண்யத்துக்கு அருகே அகத்தியான்பள்ளிக் கோயில் இருக்கிறது. உப்பளத்து மண்ணில் நிற்கிற அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் அகத்தியரின் மலைக்குப் போகக் கேரள வனத்துறையிடம் சீட்டு வாங்க வேண்டியிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

குருசாமி முறையைப் புகழ்வதற்கு எதிராக வலுவான வாதங்கள் உண்டு. முதலாவது, அது ஆண்களின் முறை. பத்து வயதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட பெண்களுக்குச் சபரிமலையில் இடமில்லை, 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் நடைமுறை சுலபமாக மாறவில்லை. அது ஒரு மதத்தின் முறையும்கூட. உண்மை. நான் கேட்பது மாலையையும் விரதத்தையும் அல்ல. முன்சந்திப்பையும், மறுக்கும் அதிகாரத்தையும். அவற்றுக்கு ஆண், பெண், சாமி எதுவும் தேவையில்லை. இரண்டாவது வாதம் இன்னும் கடுமையானது. சபரிமலையில் மகரஜோதி காணக் கூடிய கூட்டத்தில், 1999 ஜனவரி 14 அன்று பம்பையில் ஐம்பதுக்கு மேற்பட்டோரும், 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டில் நூற்றுக்கு மேற்பட்டோரும் நெரிசலில் இறந்தார்கள். குருசாமிகள் இருந்தும்தானே? ஆம். ஒரு குழுவுக்குள் செல்லுபடியாகும் அதிகாரம் லட்சக்கணக்கான கூட்டத்தில் செல்லாது. எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது அரசு மட்டுமே செய்யக்கூடிய ‘வேண்டாம்’. அகத்தியர்கூடத்தில் அது இருக்கிறது, மகரஜோதி இரவில் அன்று இல்லை. மூன்றாவது, நல்ல வழிகாட்டி இருந்தும் சாகிறார்களே என்பது. 2024 ஜூனில் உத்தரகாண்டின் சகஸ்ர தாலில், உள்ளூர் வழிகாட்டிகளோடு போன கர்நாடகக் குழுவில் ஒன்பது பேர் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். 1998 ஆகஸ்டில் மால்பாவில் இரவில் சரிந்த மலை, மருத்துவச் சோதனையில் தேறிக் கிளம்பிய மானசரோவர் யாத்திரிகர்களைப் புதைத்தது. வழிகாட்டி ஆபத்தை ஒழிப்பவர் என்று யாரும் சொல்லவில்லை. மால்பாவை எவராலும் தடுத்திருக்க முடியாது. குரங்கணியைத் தடுத்திருக்கலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘விதி’ என்று முடித்துவிடுவதுதான் நம் வழக்கமான தவறு.

தனியாகப் போகும் சுதந்திரம் பறிபோகிறதே என்று சில இளைஞர்கள் கேட்பார்கள். இமயத்தில் ஆண்டுக்கணக்கில் பழகியவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. யானைத் தடத்தையும் மாட்டுத் தடத்தையும் பிரித்தறியாத சமவெளிக்காரர் கேட்டால், அவரைத் தேடிப் போகும் வனக்காவலரின் சுதந்திரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். காட்டை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும், நடக்காமல் இருந்தாலே போதுமே என்ற கேள்விதான் இவற்றுள் கனமானது. டெல்டாவுக்கு அதில் நேரடிப் பங்கு இருக்கிறது. குடகில் பிறக்கும் காவிரியோடு வயநாட்டிலிருந்து கபினியும், நீலகிரிப் பக்கத்திலிருந்து பவானியும், வெள்ளியங்கிரியிலிருந்து நொய்யலும், ஆனைமலைப் பக்கத்திலிருந்து அமராவதியும் சேர்ந்துதான் கல்லணைக்குத் தண்ணீர். மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெதுவாக விடும் சோலையும் புல்வெளியும் கெட்டால், கேடு கடைமடை வரை வரும். அதனால் பாதைகள் குறைவாக, குழுக்கள் சிறிதாக, பருவம் குறுகியதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அடியோடு மூடுவதில்தான் உடன்பாடில்லை. கர்நாடகம் தண்ணீர் விட்டதா, மேட்டூரில் எத்தனை அடி என்பதோடு நம் அக்கறை நின்றுபோயிருக்கிறது. மேட்டூருக்கு மேலே என்ன இருக்கிறது என்று மூன்று நாள் நடந்து பார்த்த ஐந்நூறு டெல்டாக்காரர்கள், சோலைக்காடு அழிகிறது என்ற செய்தி வரும்போது பக்கத்தைப் புரட்டிவிட மாட்டார்கள்.

தமிழ்நாடு அரசு இரவு தங்கும் மலைநடைகளைத் திறக்க வேண்டும்: தீக்காலத்துக்கு வெளியே, அகத்தியர்கூடத்தைப் போல எண்ணிக்கை வரம்போடு, தமிழ்நாட்டுப் பழங்குடி வழிகாட்டிகளுக்குத் திருப்பி அனுப்பும் எழுத்துரிமை தந்து. பதிவு செய்தவர்கள் வழிகாட்டியை ஒரு மாதம் முன்பே சந்திக்கத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஓர் இடம் ஒதுக்குவது வனத்துறைக்குப் பெரிய காரியமல்ல. அதுவரை, உங்களை அழைக்கும் குழுவிடம் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்களை நடத்திப்போகிறவர் அந்த மலையைச் சேர்ந்தவரா, அவர் திரும்பச் சொன்னால் திரும்புவீர்களா, திரும்பினால் அவருக்குக் கூலி உண்டா. மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் சேராதீர்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மேற்குத் தொடர்ச்சி மலையில் இரவு தங்கக் கூப்பிட்டால், எவர் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.